சிவப்புப் புள்ளி வைத்த துளை

"உம்மா, அந்தப் பெட்டிய எடுத்துக் குடு."

மப்ரூக்கா காய்ந்த பேய்க்கணவாயைக் கத்தரியால் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்கவில்லை.

"எந்தப் பெட்டி?"

"பாபாவோட தொப்பியோட சேர்த்து உன் கல்யாணப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கியே, அது."

இதை மட்டும் கேட்காதே என்று சிஹாமுக்குச் சொல்லியிருந்தார்கள். பாபாவின் அடக்கம் முடிந்த அன்றே உம்மா சொன்னாள். அத்தை ஸல்ஹா தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தம்பி லஸாத்தின் பார்வையே போதுமாக இருந்தது. நாற்பது நாள் பொறுத்தாள். நேற்று நாற்பதாம் நாள் ஓதி, வந்தவர்களுக்குக் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் பரிமாறி, இரவல் வாங்கிய பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி எதற்குப் பொறுக்க வேண்டும்?

லஸாத் பார்லி ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மாவுக்கு விடிஞ்சிடுச்சு," என்றான்.

"உன்கிட்ட நான் பேசல."

"என்கிட்ட பேசற மாதிரிதான் இருக்கு."

"உனக்கு ஏன் அப்படித் தோணுது?"

தோய்த்த ரொட்டியை அவன் தட்டில் வைத்துவிட்டான். நாற்பது நாளாக அவன் இப்படித்தான், தோய்ப்பான், வைத்துவிடுவான்.

பெட்டி என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒலிப்பதிவுக் கருவி. டப்பாவின் பக்கத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியாக வெளியே போகிற கறுப்பு ஒயர். பதினைந்து மீட்டர் ஒயரின் நுனியில், தண்ணீருக்கடியில் கேட்கிற மைக். ஹைட்ரோஃபோன் என்று சிஹாம் தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தாஹிர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "கத்திரிக்காய்னு வச்சுக்குவோம்," என்றார். கறுப்பாக, விரல் நீளத்தில், காம்போடு அது அப்படித்தான் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கடலைப் படிக்கக் கடலைத் தாண்டி ஸ்பாக்ஸ் நகரத்துக்குப் போகிறாள் பார் என்று எங்கள் கெர்கென்னா தீவே சிரித்தது. எங்கள் கடலில் இழுவைமடி வலை போடக்கூடாது என்பது சட்டம். போடுவார்கள் என்பது நடப்பு. சங்கிலி கட்டிய மடி அடியில் இருக்கிற கடற்புல்லையெல்லாம் வேரோடு வாரிக்கொண்டு போகும். பார்த்தேன் என்று போய்ச் சொன்னால், ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் கொண்டுவருகிறேன் என்று கிளம்பியவள்தான் சிஹாம். எந்தப் படகு எந்த நேரத்தில் எங்கே இழுத்தது என்று கடலடிச் சத்தமே சொல்லும். கருவி அவளுடைய கல்லூரியில் கொடுத்தது. வைக்க இடம் அப்பாவின் கடல்.

எங்களுக்குக் கடலிலும் பட்டா உண்டு. தாஹிருடைய பங்கில் ஈச்ச ஓலை வேலி வரிசையாகக் கடலுக்குள் போகும். வேலியை ஒட்டியே வருகிற மீன் கடைசியில் ஓலை அறைக்குள் போய் மாட்டும். அந்த அறையின் கடைசிக் கழியில் டப்பாவைக் கட்டி, கத்திரிக்காயைத் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். டப்பாவின் ஓட்டையைத் தாஹிர் படகுக்குப் பூசும் கீலால் அடைத்தார். ஈரம் தங்காதிருக்க உள்ளே ஒரு பிடி காய்ந்த கூஸ்கூஸைப் போட்டார். இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். துளையில்தான் தவறினார்.

கருவியில் ஒரே மாதிரி இரண்டு துளை. ஒன்று மைக்குக்கு. மற்றது பதிவானதைக் கேட்பதற்கு. சிஹாம் ஸ்பாக்ஸிலிருந்து ஃபோனில் சொல்லச் சொல்ல, தாஹிர் மூன்று வாரம் மற்றதில் செருகினார். கத்திரிக்காய் சும்மா தொங்கியது. கருவி தன் சொந்தக் காதால் டப்பாவுக்கு வெளியே நடந்ததைக் கேட்டது. நீர்க்காகத்தைத் திட்டுவது, இடுப்பு வலியைத் திட்டுவது, "சிஹாம், கேக்குதா? உங்க பாபாதான். இன்னிக்கு மீன் இல்ல. நேத்தும் இல்ல. நீ சாப்பிட்டியா?" என்று டப்பாவிடம் விசாரிப்பது. கப்பலில் அனுப்பிய நினைவட்டையை விடுதி அறையில் போட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அழித்துவிட்டாள். இடம் போதவில்லை. மூன்று வாரக் குரல்.

பிப்ரவரியில் வந்தபோது தன் நகப்பூச்சால் சரியான துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"பாபா, இந்தப் புள்ளி இருக்கற துளை. மத்ததுல செருகினா உங்க பேச்சத்தான் பிடிக்கும்."

"என் பேச்சுல என்ன குறைச்சல்?"

"இது மீனப் பத்தின ஆராய்ச்சி பாபா."

"மீனப் பத்தி நான் பேசாததா?"

"தண்ணியில இறக்கினதும் கழிய மூணு தடவ தட்டுங்க. சரியா மாட்டியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"கதவத் தட்டற மாதிரியா?"

"அதே மாதிரி."

"யாரும்மா உள்ள, நான்தான் வந்திருக்கேன்," என்று அவர் கழியைத் தட்டிக் காட்டினார். படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

மார்ச் மாதம் நல்ல மூடுபனி இறங்கிய ஒரு காலை. மதியம் வரை தாஹிர் வரவில்லை. போய்ப் பார்த்தவர்கள் கவிழ்ந்த படகைக் கண்டார்கள். அவர் தன் ஓலை அறைக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தார். வேலி இரண்டு இடத்தில், வண்டி போகிற அகலத்துக்குப் பிய்ந்திருந்தது. விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. பனி, வயது, படகு புரண்டது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். கழியில் இருந்த டப்பாவை யாரோ அவிழ்த்து, தொப்பியோடு சேர்த்து மப்ரூக்காவின் கையில் கொடுத்தார்கள்.

"எதுக்கு அது உனக்கு?" லஸாத் கேட்டான். "மீன் குசு விடறதக் கேக்கவா?"

"வேலியப் பிய்ச்சுக்கிட்டுப் போன படகக் கேக்க."

"பனியில ஆயிரம் படகு போகும்."

"இந்தப் பக்கம் எத்தன இழுவைமடி வருதுன்னு என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். நீ ஓட்டறதும் அதுதானே."

"என் படகு அன்னிக்குக் கரையில ஏத்தியிருந்துச்சு. உம்மாவக் கேளு."

கத்தரி நின்றது. "ஆமா," என்றாள் மப்ரூக்கா, கத்தரியைப் பார்த்தபடி. "ஏத்தியிருந்துச்சு."

"நீ போய்ப் பாத்தியா?"

"அவன் சொன்னான்."

லஸாத் எழுந்தான். இருபத்தி நாலு வயது. பெருநிலத்து முதலாளி ஒருவனின் படகுக்கு அவன்தான் ஓட்டி. "மூணு வருஷம் விடுதியில உக்காந்து தின்னியே, அது எந்த மடியில வந்துச்சு? பாபாவோட ஓலையில வந்த மீனா உன்னப் படிக்க வச்சுது?"

இது பொய்யில்லை. அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அவன் இழுவைப் படகில் ஏறினான். அன்றிலிருந்து தாஹிர் மகனோடு பேசவில்லை. ஒரே கூரையின் கீழே மப்ரூக்கா இரண்டு பந்தி வைத்தாள், மகனுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. இது சிஹாமுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"வாங்கித் தின்னேன். அதனால?"

அவன் வாசல் வரை போனான். திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "சிஹாம். நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. அதக் கேக்காத." செருப்பை மாட்டினான். "உம்மா, மத்தியானம் வந்துடுவேன்."

அவன் போன பிறகு மப்ரூக்கா வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு, பேய்க்கணவாயைச் சேர்த்துக் குழம்பை இறக்கினாள். கூஸ்கூஸைத் தண்ணீர் தெளித்துக் கையால் உதிர்த்து, குழம்பின் ஆவியில் வேகவைக்கிற மேல்பானையில் போட்டு வைத்தாள். அடுப்பை அணைத்தாள். இனி அவன் வருகிற நேரத்துக்கு மறுபடி பற்றவைப்பாள். எங்கள் பெண்களின் கணக்கு அது. ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் தன் படகின் எஞ்சின் சத்தம் புருஷன் குரல் மாதிரி, பிள்ளை இருமல் மாதிரி. துறைக்கு வெளியே அது கேட்டால் அடுப்பு மூட்டுவாள். ஆள் வலையை உதறி, கால் கழுவி வீட்டுக்கு வருவதற்கும் மேல்பானையில் ஆவி வருவதற்கும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எஞ்சினுக்கு யாரும் ஏமாந்து மூட்டியதில்லை. தாஹிருக்கு மட்டும் அடுப்பு முன்கூட்டி எரிந்ததில்லை. அவர் படகில் எஞ்சின் கிடையாது, பாயும் கழியும்தான். சத்தமில்லாமல் வந்து வாசலில் நிற்பார். அதற்குப் பிறகுதான் தீக்குச்சி தேடுவாள்.

"குடு உம்மா."

"ஒன்ன மண்ணுல வச்சுட்டேன். இருக்கறது ஒன்னு. அதையும் கொண்டு போறேங்கற."

"இருக்கறது ஒன்னா? அப்ப நான்?"

"நீ எங்கடி இருக்க? நீ அந்தக் கரையில இருக்க. உன் பேச்சும் அந்தக் கரைப் பேச்சு."

"சரி. நான் இல்ல. வச்சுக்க." சிஹாம் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நாப்பது நாளா நீ அவனுக்குச் சோறு போடற. தட்ட வைக்கற, தண்ணி வைக்கற. அவன் மூஞ்சிய ஒரு தடவ பார்க்கல. நான் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். வேற எவன் எஞ்சினாவது அதுல இருந்தா? நீ அவன் மூஞ்சியப் பார்க்கலாமில்ல?"

மப்ரூக்கா ஈரக்கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியைத் தலைவழியாகக் கழற்றி மேசையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

சிஹாம் கல்யாணப் பெட்டியைத் திறந்து, தொப்பியை எடுத்து நாற்காலியில் வைத்தாள். டப்பாவைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. கூஸ்கூஸ் பூஞ்சை பிடித்துக் கட்டியாகியிருந்தது. பேட்டரி கசிந்திருந்தது; சிஹாம் சுரண்டித் துடைத்து, சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைக் கழற்றிப் போட்டாள். இத்தனையும் செய்துவிட்டு, அதன் பிறகுதான் கருவியின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று.

சிவப்புப் புள்ளி வைத்ததில்.

அவர் அன்றைக்கு மட்டும் பழையபடி தப்பாகச் செருகியிருக்கக்கூடாதா என்று இந்த நாற்பது நாளும் அவள் நினைத்தாள். தப்பாகச் செருகியிருந்தால் குரல் இருக்கும். கூப்பிட்டிருந்தால், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்கும். அவர் சரியாகச் செய்திருந்தார். அவள் சொல்லிக்கொடுத்தபடி.

மற்றத் துளையில் ரேடியோவின் ஒயரைச் செருகினாள். கருவியை உசுப்பினாள்.

டொக், டொக், டொக்.

சிஹாம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆரம்பம். கதவு தட்டுகிற மாதிரி.

பிறகு கடல். காய்ந்த எண்ணெயில் எதையோ போட்டதுபோல ஓயாமல் ஒரு பொரிச்சல்.

"என்ன அது, யாரு வறுக்கறா?" என்றாள் மப்ரூக்கா.

"இறால். கொடுக்கைச் சொடுக்குது."

"இவ்வளவு சத்தமா போடும்?"

"மீனும் போடும். இதோ, இது." உறுமல் போல ஒன்று வந்து போனது.

"உங்க பாபா சொல்லியிருக்கார். நான் நம்பல." மப்ரூக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கணவனுடைய கடலை அவள் உள்ளிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சிஹாம் பதிவைத் தள்ளித் தள்ளி ஓட்டினாள். பொரிச்சல், உறுமல், பொரிச்சல். நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பியது. மெல்ல. தூரத்தில். மூன்று துடிப்பு, ஒரு நொண்டல். மூன்று துடிப்பு, ஒரு நொண்டல்.

மப்ரூக்கா எழுந்தாள்.

அடுப்பிடம் போனாள். தீப்பெட்டியை எடுத்தாள், உரசினாள், குழம்புப் பானைக்குக் கீழே பற்றவைத்தாள். கரண்டியை எடுத்து ஒரு கிளறு கிளறினாள். மேல்பானையை எடுக்கக் கையை நீட்டினாள்.

"உம்மா," என்றாள் சிஹாம்.

மப்ரூக்கா தன் கையைப் பார்த்தாள். மற்றக் கையில் தீக்குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விரலைச் சுட்டபோதுதான் போட்டாள்.

"குழம்பு ஆறிப்போச்சு," என்றாள். "சூடு பண்ணலாம்னு."

"யாருக்கு?"

அவள் திரும்பவில்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சங்கிலி புல்லைக் கிழித்துக்கொண்டு வருகிற கரகரப்பு. ஓலை நொறுங்குவது. பிறகு மரம். ஒரே ஒரு சத்தம், விறகு பிளப்பது போல. அடுப்புக்கு முன்னால் நின்றவளின் தோள் அதற்கு ஒரு முறை தூக்கிப்போட்டது.

எஞ்சின் தணிந்தது. அணையவில்லை. நின்ற இடத்திலேயே நொண்டிக்கொண்டிருந்தது.

"நிக்கறான்," என்றாள் சிஹாம்.

"பனி. அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியலேன்னா எதுக்கு நிக்கறான்?"

"மடி சிக்கியிருக்கும். அதப் பார்க்க நின்னிருப்பான்."

"பக்கத்துல படகு கவுந்து கிடக்குது. அது யாரு கடல்னு அவனுக்குத் தெரியாதா? அந்த வேலிக் கழிய இவனும் சேர்ந்துதானே நட்டான்?"

"கூட இருந்தவனுங்க போகலாம்னு சொல்லியிருப்பானுங்க. அவன் சின்னப் பையன்டி."

கருவியின் திரையில் எண்கள் ஓடின. நான்கு நிமிடம். நான்கு நிமிடம் முடிந்ததும் எஞ்சின் உறுமியது. மூன்று துடிப்பு, ஒரு நொண்டல். தேய்ந்து தேய்ந்து போனது. இறால்கள் நிறுத்தியிருந்தன போல. இப்போது மறுபடி ஆரம்பித்தன.

அப்புறம் அது கேட்டது.

டொக், டொக், டொக்.

ஓர் இடைவெளி. டொக், டொக், டொக்.

"அது என்ன, தட்டறது?" மப்ரூக்கா இப்போது திரும்பியிருந்தாள்.

சிஹாம் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. பேராசிரியரிடம் சொன்னதில்லை, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னதில்லை. இதனாலேயே அவளை எங்களில் பலருக்குப் பிடிக்காது.

"கயிறு," என்றாள். "அலையில ஆடி கழியில மோதுது."

டொக், டொக், டொக்.

"அன்னிக்குப் பனி," என்றாள் மப்ரூக்கா. "பனி உக்காந்திருந்தா ஏதுடி அலை?"

சிஹாம் கையை நீட்டினாள். "நிறுத்திடறேன் உம்மா."

"நிறுத்தாத."

மப்ரூக்கா வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள், மேசை எங்கோ போய்விடும் என்பது மாதிரி. மூன்று. இடைவெளி. மூன்று. ஒவ்வொரு தட்டலையும் அவள் விரல்கள் வாங்கிக்கொண்டன. அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஓதினாளா எண்ணினாளா தெரியாது. பத்து நிமிடத்துக்குப் பிறகு இடைவெளி நீண்டது. மூன்று. பிறகு இரண்டு. இனி இல்லை என்று நினைத்தபோது இன்னும் இரண்டு.

"வீட்டுக்கு வந்தா இந்த மனுஷன் ஒரு சத்தம் போட்டதில்ல," என்றாள். "பூனை மாதிரி வந்து நிப்பார்."

மூன்று துடிப்பு, ஒரு நொண்டல்.

இருவரும் கருவியைப் பார்த்தார்கள். அதிலிருந்து வரவில்லை. ஜன்னல் வழியாக வந்தது, துறைக்கு வெளியிலிருந்து, வெயிலில், தெளிவாக. லஸாத் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தான். மேசைமேல் பாபா ஒரு தடவை தட்டினார். அடுத்தது வரவில்லை.

சிஹாம் ரேடியோ ஒயரைப் பிடுங்கினாள். சிவப்புப் புள்ளித் துளையிலிருந்த ஒயரையும் கழற்றினாள். டப்பாவின் ஓட்டையில் அது கீலோடு ஒட்டியிருந்தது, இழுக்க வேண்டியிருந்தது. நினைவட்டையை எடுத்து உள்சட்டைக்குள் வைத்தாள். பதினைந்து மீட்டர் ஒயரை முழங்கையில் சுற்றித் தோளில் போட்டாள். கத்திரிக்காய் இடுப்பருகே ஆடியது. அவள் பை வாசலோரம் கட்டித் தயாராக இருந்தது. காலையில் பெட்டியைக் கேட்பதற்கு முன்பே கட்டியது.

மப்ரூக்கா மேல்பானையைத் தூக்கிக் குழம்புப் பானைமேல் வைத்தாள். ஆவி வெளியே போகாமல் இரண்டுக்கும் நடுவே ஈரத்துணியைச் சுற்றினாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"எங்க போற?"

"கப்பல் ரெண்டு மணிக்கு."

"யார்கிட்ட குடுப்ப?"

"கோர்ட்டுல."

"அவன் சாப்பிட்டு முடிக்கற வரைக்குமாவது இருடி. நாப்பது நாளா அவன் ஒழுங்கா சாப்பிடல."

"தெரியும்."

"அவன் உன் தம்பி. நீச்சல் நீதான் பழக்கின."

"தட்டினது என் பாபா."

துணியைச் சுற்றி முடித்தாள் மப்ரூக்கா. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். சற்று நின்று இன்னொன்றையும் எடுத்தாள். மேசையில் இரண்டையும் வைத்துவிட்டு, தாஹிரின் தொப்பி கிடந்த நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

"முகத்தக் கழுவிக்கிட்டுப் போ," என்றாள்.

சிஹாம் கழுவவில்லை. பையை எடுத்தாள். துறையில் எஞ்சின் அணைந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், கயிறு விழுந்த சத்தம் கேட்டது. மேல்பானையில் ஆவி கிளம்ப ஆரம்பித்திருந்தது.

கப்பலடிக்குப் போக, வீட்டுக்குப் பின்பக்கம் ஈச்ச மரங்களுக்கு நடுவே ஒரு வழி உண்டு. அவள் லஸாத் எதிரே வருகிற துறை வழியிலேயே நடந்தாள்.